நாலு கையால் கட்டிய தவணை

என் பெயரில் ஒரு கடன் இருந்தது. அதில் ஒரு ரூபாய்கூட என் கைக்கு வந்ததில்லை. கடைசிக் கணக்குப்படி ஒரு ரூபாய்கூட நான் கட்டியதும் இல்லை. ஆனாலும் நான் வீடு வாங்கப் போனபோது அந்தக் கடன்தான் குறுக்கே வந்து நின்றது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "உங்களை ஏமாத்திட்டாங்களா?" என்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசு ஆறியிருக்கும். எல்லாரும் யோக்கியமாக இருந்ததால் வந்த தொல்லை இது.

எங்கள் குப்பம் பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் திட்டில் இருக்கிறது. எனக்கு வேலை மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில். காலையில் ஷேர் ஆட்டோவில் பாலம் கடந்து, பஸ் பிடித்துப் பொன்னேரி போய், ரயில் ஏறி மீஞ்சூரில் இறங்கி, கம்பெனி வேனைப் பிடிக்க ஓட வேண்டும். இதில் ஒன்று தவறினால் அரை நாள் சம்பளம் போச்சு. மழைக்காலத்தில் ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டால் முழு நாளும் போச்சு.

மீஞ்சூரில் வாடகைக்குக் கேட்டுப் பார்த்தேன். முப்பதைத் தாண்டிய, கல்யாணம் ஆகாத பெண் தனியாகப் போய் வீடு கேட்டால் என்ன நடக்கும்? "ஃபேமிலிக்குத்தாம்மா குடுப்போம்" என்பார்கள். சிலர் அதைக்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்துவார்கள். ஒருநாள் கோபத்தில், வாடகை வேண்டாம், சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். "ஒத்தப் பொண்ணுக்கு எதுக்குடி வூடு?" என்றாள் அம்மா. ஒற்றைப் பெண்ணுக்குத்தான் வீடு வேண்டும். குடும்பமாக இருப்பவர்களுக்கு எல்லாரும் இடம் கொடுக்கிறார்கள்.

வீடும் அகப்பட்டது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஒரு ஹால், ஒரு அறை, இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்ளும் சமையலறை, மாடிக்கு ஒரு இரும்புப் படி. வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மகனோடு போய் இருக்கப்போகிறவர். நான் தனியாள் என்று தெரிந்தும் எதுவும் கேட்கவில்லை. சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அட்வான்ஸாகக் கொடுத்தேன். "தை பொறக்கற வரைக்கும் வெயிட் பண்றேம்மா. அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார். அப்போது ஆவணி மாதம். தாராளமாக நேரம் இருந்தது. அன்று அந்தக் காலி அறையில் நின்று, கட்டிலை எங்கே போடுவது என்று நான் யோசித்தது உண்மை.

பொன்னேரியில் வீட்டுக்கடன் கொடுக்கும் ஆபீஸில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிடச் சின்னவள். சம்பளச் சீட்டை எல்லாம் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவள், கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கே மேடம்."

"அதெப்படி இருக்கும்? நான் யார்கிட்டயும் கைநீட்டிக் கடன் வாங்கினதே இல்லையே."

"ஒரு எஞ்சின் லோன் இருக்கே. மாசாமாசம் லேட்டு. எட்டு நாள், பதினேழு நாள், இருபது நாள்னு வரிசையா இருக்கு பாருங்க."

அப்போதுதான் அந்த எஞ்சின் ஞாபகத்துக்கு வந்தது.

என் அப்பா, அதாவது நைனா, ஒரு ஃபைபர் படகில் பங்காளி. படகு நாலு பேருடையது. நைனா, பெரியப்பா, என் தாய்மாமா, எதிர்வீட்டுத் தம்பி. படகும் வலையும் நாலு பேர் காசு. மீனிலும் நாலு பங்கு. பழைய எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய், இன்னொரு படகு இழுத்து வரும்படி ஆனதும் புது எஞ்சின் வாங்கத் தீர்மானித்தார்கள். கடன் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் சம்பளச் சீட்டு கேட்டார்கள். நாலு பேரிடமும் ஏது சம்பளச் சீட்டு? குப்பத்திலேயே அது என்னிடம்தான் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். நைனா ஜாமீன் போட்டார். தவணையை அவர்களே கட்டினார்கள். கம்பெனியிலிருந்து யாரும் வந்து வாசலில் நின்றதில்லை. எனக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. எனவே நானும் மறந்துபோனேன்.

அவர்கள் கட்டிய விதம்தான் விஷயம். தவணைத் தேதி ஐந்து. ஆனால் நாலு பேரும் தவணையை நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தச் செலவையும் அப்படித்தான் பிரிப்பார்கள். கையில் காசு இருக்கிற அன்றைக்கு அவரவர் பங்கை அவரவர் போனிலிருந்து கட்டுவார்கள். நைனா மூன்றாம் தேதி, மாமா ஏழாம் தேதி, பெரியப்பா இறால் விலை போன மறுநாள், தம்பி மாசக் கடைசிக்குள். மாசம் முடிவதற்குள் முழுத் தவணையும் சேர்ந்துவிடும். தாமதத்துக்கு ஏதோ அபராதம் விழுந்தால் அதையும் நாலாக வகுத்துக் கட்டிவிடுவார்கள். ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.

"முழுசாத்தான் கட்டியிருக்கீங்க மேடம், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அஞ்சாம் தேதிக்குள்ள முழுசா வரல. மூணு பங்கு வந்து ஒரு பங்கு வரலைன்னாலும் அந்த மாசம் லேட்டுதான்" என்றாள் அந்தப் பெண். அவள் மேல் எரிச்சலாக வந்தது. அவள் என்ன செய்வாள்? இருந்தாலும் வந்தது. நான் கிளம்பும்போது அவள் ஒரு வழியும் சொன்னாள். இனிமேல் தை வரைக்கும் ஒரு மாசம்கூடத் தவறாமல் ஐந்தாம் தேதிக்குள் முழுத் தவணையும் கட்டினால் ஸ்கோர் மெல்ல ஏறும். அதைக் காட்டி மேனேஜரிடம் அவள் பேசிப் பார்ப்பாள்.

அவ்வளவுதானே என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே கரைக்குப் போனேன். நாலு பேரும் வலையைப் பிரித்துப்போட்டு அறுந்த கண்ணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் எனக்கு மார்க் குறைந்திருக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டு மாமா சிரித்தார்.

"மார்க்கா? நீதான் எல்லாப் பரீச்சையும் பாஸ் பண்ட்டியே. இப்ப இன்னா மார்க்கு?"

பெரியப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நாங்க ஒரு ரூபா பாக்கி வெச்சிக்கிறமா?"

"இல்ல பெரியப்பா."

"எவனாச்சும் வந்து வூட்டாண்ட கத்திக்கிறானா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு உன் பேர கலீஜ் பண்றானுங்க?"

  நாலு பேர் இத்தனை மாசம் வியர்வை சிந்தி முழுசாகக் கட்டிய கடனைப் பார்த்து, இவளை நம்பாதே என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்கிறது என்றால் அதை நான் எந்தத் தமிழில் அவருக்குச் சொல்வது? சரி, அஞ்சாம் தேதிக்குள்ள கட்டிடுங்க பெரியப்பா, என் வீடு அதுலதான் இருக்கு என்று மட்டும் சொன்னேன். "கட்டிட்லாம், நீ கவலப்படாத" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

அடுத்த மாசம் முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடந்தது. ஏரியிலிருந்து படகு கடலுக்குப் போக அந்த ஒரு வாய்தான் வழி. அது அடைத்தால் ஏரியில் கிடைப்பதுதான் மீன். அப்படியும் மூன்று பேர் எப்படியோ தேற்றி நாலாம் தேதிக்குள் கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தம்பிக்கு முடியவில்லை. அவன் மனைவி பிரசவத்துக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். கையில் இருந்ததெல்லாம் அங்கே போயிருந்தது.

ஒரு பங்குதானே, மூன்று பேரும் சேர்ந்து போட்டுவிட்டு அப்புறம் அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மூன்று பேருமே கூடாது என்று தலையாட்டினார்கள். எங்கள் படகுகளில் ஒரு கட்டு உண்டு. வலையோ எஞ்சினோ, செலவு என்று வந்தால் அவரவர் பங்கை அவரவர் கையால் வைக்க வேண்டும். ஒருவர் பங்கை இன்னொருவர் வைத்துவிட்டால் அந்தப் பங்கு வைத்தவருக்குப் போய்விடும். அன்றிலிருந்து மீனில் அவருக்கு இரண்டு பங்கு. மற்றவன் அதே படகில் கூலி ஆள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கட்டுதான். ஆனால் அது என் வீட்டுக்கடனில் வந்து உட்காரும் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் தம்பியிடம் நேராகவே கேட்டேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். "அக்கா, உன் கால்ல வேணா வுழறேன். என்ன கூலிக்காரனா ஆக்கிடாதக்கா."

அவன் பங்கு பன்னிரண்டாம் தேதி வந்தது. அந்த மாசமும் லேட். மிச்ச மாசங்களாவது தவறக் கூடாது.

ஒரு மாசம் முன்கூட்டியே கட்டி வைத்துவிட்டால் என்ன என்று நைனாவிடம் கேட்டேன். "நாளிக்கி இன்னா கெடைக்கும்னு கடல் எங்கிட்ட சொல்லுதாம்மா?" என்றார். நான் சாப்பிடாமல் எழுந்துபோனேன். எனக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டின் மேல்தான் காட்டுவேன். அதனால் யாருக்கு நஷ்டம் என்பது வேறு விஷயம்.

அதற்கடுத்த ஐந்தாம் தேதி காலை, பொன்னேரி பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, முழுத் தவணையையும் என் சம்பளத்திலிருந்து போனிலேயே கட்டிவிட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. இதற்கா இத்தனை நாள் அல்லாடினோம் என்று சிரிப்புகூட வந்தது. சாயங்காலம் கரைக்குப் போய் நாலு பேரிடமும் சொன்னேன். "இனிமே அஞ்சாந்தேதி நானே கட்டிட்றேன். உங்களுக்கு எப்ப வருதோ அப்ப எங்கிட்ட குடுங்க. எனக்குப் படகு வேணாம், பங்கு வேணாம், ஒண்ணும் வேணாம்." யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மறுநாள் விடிவதற்கு முன்பே, நைனாவைத் தவிர மற்ற மூன்று பேரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. பெரியப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கூலி எவ்ளோம்மா?"

"இன்னா கூலி?"

"படகுக்கு வர்ற கூலி. பங்கு உன்னுது ஆயிட்ச்சே. ஓனரம்மா கூலி சொன்னாதான நாங்க ஏற முடியும்."

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், நிஜமாகவே கூலி ஆள் மாதிரி நின்று கேட்டார்.  "பைத்தியமா புடிச்சிக்குது உங்களுக்கெல்லாம்? எனக்கு வூடு வேணும் பெரியப்பா! உங்க படகு எனக்கு எதுக்கு? நான் அத ஓட்டப்போறேனா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"உனுக்கு வேணுமா வேணாமான்னு எவன் கேட்டான்? கை வெச்சது நீதான?"

"காச திருப்பிக் குடுத்துடுங்க, செரியாப் போச்சு."

"காச குடுத்துட்லாம். வெச்ச கை வெச்சதுதான?"

அன்று படகு போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. நைனா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கொண்டுபோய் விற்க மீன் இல்லாமல் அம்மா கூடையைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தாள். "மூணு குடும்பத்த ஆளுக்காரனா ஆக்கிட்டியேடி" என்றாள். நான் யாரையும் ஆளுக்காரனாக ஆக்கவில்லை. ஐந்தாம் தேதியை ஐந்தாம் தேதி கட்டினேன். கடன் கம்பெனிக்குத் தேதி முக்கியம், குப்பத்துக்குக் கை முக்கியம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான். ரயிலில் போகும்போதெல்லாம் இரண்டு பக்கத்தோடும் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். இரண்டு பக்கமும் ஜெயித்தது.

அடுத்த வாரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கூடத்தில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வந்து, பாயில், பழையபடி. நைனா சலவைச் சட்டை போட்டிருந்தார். மாமா வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நைனா ஒரு ரசீதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"முடிச்சிட்டம்மா. இன்னிமே உன் பேர்ல ஒரு பைசா கடன் கெடையாது. போய் வூட்ட வாங்கு."

எஞ்சினை விற்றுவிட்டார்கள். எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திராக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். எஞ்சின் போய்விட்டால் அதில் நான் வைத்த கையும் போய்விடும். படகிலும் வலையிலும் நான் கை வைக்கவில்லை. அவை பழையபடி நாலு பேருக்கு. விற்ற காசில் முதல் வேலையாக நான் கட்டிய தவணையை எடுத்துத் தனியே வைத்து, நாலு பேரும் பார்க்க என்னிடம் கொடுத்தார்கள். கடனை அடைக்கக் குறைந்ததை நாலாக வகுத்து, அவரவர் பங்கை அவரவர் தேற்றியிருக்கிறார்கள். எப்படித் தேற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா அன்று காதில் ஈர்க்குச்சி போட்டிருந்தாள். நாலு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறிப் பொன்னேரி போய், ஜாமீன் போட்டவர் என்ற முறையில் நைனா கேட்க, ஒரே நாளில் கணக்கை முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அடுத்த தவணைத் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்தக் கடனில் நாலு பேரும் சேர்ந்து தேதிக்கு முன்னால் கட்டியது அந்த ஒரு தடவைதான்.

"இப்ப மார்க்கு ஏறும்ல?" என்றார் மாமா.

அவர்கள் முகத்தைப் பார்த்தால் ஏறாமல் எங்கே போகும் என்றுதான் எனக்கும் தோன்றியது. கடனே இல்லாத ஆளைவிட நல்ல ஆள் உண்டா? மறுநாள் அரை நாள் லீவு போட்டு அந்த ரசீதை எடுத்துக்கொண்டு பொன்னேரி ஆபீஸுக்கு ஓடினேன். அந்தப் பெண் ரசீதைப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்தாள்.

"ஏன் மேடம் க்ளோஸ் பண்ணீங்க? உங்களுக்கு இருந்த ஒரே வழி இதுதானே."

பழைய தாமதம் எல்லாம் அப்படியே இருக்கும், கணக்கை மூடியதால் அது அழியாது. தவறாமல் கட்டுகிறேன் என்று காட்ட இனி ஒரு கணக்கும் கிடையாது. நல்லது செய்யும் வாய்ப்பையே மூடிவிட்டு வந்திருக்கிறேன் என்று பொறுமையாகச் சொன்னாள். அவள் அப்படிப் பொறுமையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கடன் இருந்தாலும் தப்பு, கடன் இல்லேன்னாலும் தப்பு, அப்ப மனுஷன் இன்னாதான் பண்றது?" என்று அந்த ஆபீஸில் நின்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பேங்கில் ஒரு டெபாசிட் போட்டு, அதன் பேரில் சின்னதாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, மாசாமாசம் கொஞ்சம் செலவு செய்து, தேதிக்குள் முழுசாகக் கட்டி வரச் சொன்னாள். ஒரு வருஷமாவது ஆகும் என்றாள். எனக்கு இருந்ததோ தை வரைக்கும்தான்.

வீட்டுக்காரர் சொன்னபடி தை பிறக்கும்வரை காத்திருந்தார். பொங்கல் கழிந்ததும் வேறொருவர் முழுப் பணத்தோடு வந்தார். வீட்டுக்காரர் எனக்கு அட்வான்ஸை ஒரு ரூபாய் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். இவராவது கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாதா, ஒரு ஆளையாவது நிம்மதியாகத் திட்டியிருப்பேனே என்று இருந்தது. அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டுக் கார்டு வாங்கினேன். இப்போது ரயில் சீசன் டிக்கெட்டை அந்தக் கார்டில் எடுக்கிறேன். கையில் காசை வைத்துக்கொண்டு கடனுக்கு டிக்கெட் எடுத்து, பிறகு அந்தக் கடனைத் தேதிக்குள் கட்டி, நான் நல்லவள் என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்கோர் ஏறுகிறது. மூன்று புள்ளி, ஐந்து புள்ளி என்று ஏறுகிறது. ஒரு மாசம் காரணமே இல்லாமல் இரண்டு புள்ளி இறங்கியது.

எஞ்சின் இல்லாத படகு கடலுக்குப் போக முடியாது. ஏரியில் ஆழம் கம்மி என்பதால் நாலு பேரும் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்த வயதில் பெரியப்பா கழி ஊன்றுவதைக் கரையிலிருந்து பார்க்க என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். மீன் எடுக்க நான்தான் போக வேண்டியதாயிற்று. படகு வந்து தட்டியது. நாலு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாமாவின் தோளிலிருந்து தைல வாசனை வந்தது. கூடையில் கொஞ்சம் இறால், கொஞ்சம் மடவை. முன்பு வருவதில் பாதிகூட இல்லை.

பெரியப்பா மூச்சு வாங்க நின்று என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, கண்ணுலயே பட மாட்ற? மார்க்கு ஏறிச்சா?"

நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். கடன் ஆபீஸில் கத்தியவள், வாசலில் நின்று இதே பெரியப்பாவிடம் கத்தியவள் நான். குனிந்து கூடையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஏறிடுச்சு பெரியப்பா" என்றேன்.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று மாமா தம்பியின் முதுகில் ஒரு அடி போட்டார். "அப்ப வூடு?"

"பாத்துனு இருக்கேன் மாமா. இந்த வருசத்துக்குள்ள ஆயிடும்."

நைனா மட்டும் அதற்குள் திரும்பிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"பால் காய்ச்சற அன்னிக்கி மீன் ஆவாது, செரி. மறுநாளு விருந்து எங்களுது. மீஞ்சூர்ல கட வெச்சி விக்கிற மீன வாங்கிடாத. எறாலு, மடவ, நண்டு, எல்லாம் நாங்களே எட்த்துனு வர்றோம்" என்றார் மாமா.

"செரி மாமா" என்றேன். தம்பி, தன் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னான். பெரியப்பா கழியைப் படகில் சாய்த்து வைத்துவிட்டு, மீஞ்சூருக்கு எத்தனை பேரைக் கூட்டிப்போவது என்று அங்கேயே நின்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.